ஹிப்போ துறைமுகத்தில் மீண்டவர்கள்

ஆகஸ்டு 28 புனித அகஸ்டினின் நினைவு நாள். கி.பி. 430-ஆம் ஆண்டு அந்த நாளில், வாண்டல் படைகள் முற்றுகையிட்டிருந்த ஹிப்போ நகரில் அவர் கண்மூடினார். கிறிஸ்தவ சிந்தனையை உருவாக்கியவர்களில் அவருக்கு ஈடாகச் சொல்லத்தக்கவர் மிகச் சிலரே. அவருடைய ‘ஒப்புதல்கள்’, ‘கடவுளின் நகரம்’ ஆகிய நூல்களைப் பற்றி அறிஞர்கள் எழுதியவை ஏராளம். ஊர் விட்டு ஊர் வந்து உழைப்பவர்கள் அறிய வேண்டிய அகஸ்டினையோ ஒரு கடிதம் காட்டுகிறது.

அவரும் அயலூரில் பிழைத்தவரே. இன்றைய அல்ஜீரியாவில் உள்ள சூக் அஹ்ராஸ்தான் அவர் பிறந்த தகாஸ்தே. 354-ல் சிறு நிலக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவருடைய படிப்புக்கு ஊர்ச் செல்வர் ஒருவரின் உதவி தேவைப்பட்டது. 383-ல் ஆசிரியர் வேலைக்காக ரோமுக்குக் கப்பலேறினார். அங்கே மாணவர்கள், சம்பளம் கொடுக்கும் நாள் நெருங்கியதும் கூட்டமாக வேறு ஆசிரியரிடம் போய்விடுவது வழக்கம். அடுத்த ஆண்டு மிலானில் வேலை கிடைத்தது. பேச்சுக் கலையையே கற்பித்த அவருடைய உச்சரிப்பில் இத்தாலியர்கள் குறை கண்டனர். மகனைத் தேடி வந்த தாய் மோனிக்கா, 387-ல் ஊர் திரும்பும் வழியில் ஓஸ்தியா துறைமுகத்தில் இறந்து, அந்நிய மண்ணிலேயே அடக்கமானார்.

பின்னர் அகஸ்டின் ஹிப்போவின் ஆயரானார். இன்றைய அன்னாபா துறைமுகமே அந்நகரம். முதுமையில், இத்தாலிக்குச் சென்றிருந்த நண்பர் அலிப்பியுசுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். பல நூற்றாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த அக்கடிதத்தை யோகான்னஸ் திவ்யாக் என்ற அறிஞர் பிரெஞ்சு நாட்டுக் கையெழுத்துப் பிரதிகளில் கண்டெடுத்தார். 1981-ல்தான் அது அச்சேறியது.

அதில் பேசப்படுவது ஆள் பிடிக்கும் தரகர்களின் அட்டூழியம். வறுமையால் வாடும் பெற்றோர், பிள்ளையின் உழைப்பை 25 ஆண்டுகளுக்கு மிகாமல் பிறருக்கு ஒப்படைக்க அன்றைய சட்டம் இடம் தந்தது. தரகர்களோ நிரந்தர அடிமைகளாக வாங்கிக் கடல் கடத்தினர். கொள்ளைக் கூட்டங்கள், படைவீரர் போல வேடமிட்டு, ஒதுக்குப்புறக் கிராமங்களில் புகுந்து ஏழைகளை இழுத்து வந்தன. விறகு வாங்குவதாகச் சொல்லி மலைப்பகுதிப் பெண்களை வரவழைத்து, அடைத்துவைத்து, அடித்து, விற்ற ஒரு பெண்ணைப் பற்றியும் கடிதம் கூறுகிறது. மடத்தில் கணக்கு எழுதி வந்த, ஏறத்தாழ இருபது வயதுள்ள கெட்டிக்கார இளைஞனும் ஆசை காட்டப்பட்டு விற்கப்பட்டான். அவனை மீட்பதற்குள் பெரும்பாடாகிவிட்டது. எழுத்தும் கணக்கும் தெரிந்தவன் ஏமாறமாட்டான் என்ற நம்பிக்கை அன்றே பொய்த்தது.

கடிதம் எழுதுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன் நடந்தது மிக முக்கியமானது. பல இடங்களில் பிடித்த மக்களை ஹிப்போ கரையில் சேர்த்துக் கப்பலேற்ற ஏற்பாடாகியிருந்தது. ஆயர் ஊரில் இல்லை. சபையைச் சேர்ந்த ஒருவர் விஷயமறிந்து மற்றவர்களுக்குத் தெரிவித்தார். மக்கள் திரண்டு சென்று, கப்பலிலிருந்தும் ஒளித்துவைத்த இடத்திலிருந்தும் சுமார் 120 பேரை மீட்டனர். அவர்களில் பெற்றோரால் விற்கப்பட்டவர்கள் ஐந்தாறு பேரே. தரகர்களுக்குப் பெரிய இடத்து ஆதரவு இருந்தது. மீட்கப்பட்டவர்களைத் திரும்பக் கேட்டுத் தொல்லை கொடுத்தார்கள். ஆள் கடத்தலைத் தடுக்கும் சட்டம் முன்பே இருந்தது; அதை நடைமுறைப்படுத்தத்தான் ஆளில்லை. அதற்கு அதிகாரிகளைத் தூண்டும்படி அகஸ்டின் நண்பரை வேண்டினார். ஈயம் பதித்த சாட்டையால் அடித்தால் ஆள் செத்துவிடுவான் என்பதால், குற்றவாளிக்கும் அத்தண்டனை கூடாது என்றார்.

அடிமை முறையையே ஒழிக்க வேண்டும் என்று அகஸ்டின் சொல்லவில்லை. மனிதனின் பாவத்தால் வந்த நிலை அது என்று எழுதியதோடு நின்றார். அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கண்முன் நடந்த அநியாயத்தைக் கண்டும் காணாமல் இருந்துவிடவில்லை அவர். கோயில் பணத்தையும் மக்களின் துணிவையும் அதற்கு எதிராகத் திருப்பினார்.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியுமா? முன்பணம் என்ற கயிற்றால் குடும்பத்தையே கட்டிப்போடும் செங்கல் சூளைகள் மறைந்துவிடவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துச் சிறுவர்கள் வெளிமாநில முறுக்குப் பட்டறைகளிலிருந்து மீட்கப்பட்ட செய்தி பலமுறை வந்ததுண்டு. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், மியான்மரில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய தமிழ் இளைஞர்கள் 2022-ல் மீண்டு வந்தனர். படித்த பிள்ளைகள்தாம் அவர்கள். ஹிப்போ மடத்துக் கணக்கனின் கதையே இவர்களுடையதும்.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அதன்படி கொத்தடிமைக் கடன் கடனே அல்ல. மீட்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. ஆனால் பூட்டிய கதவுக்குப் பின்னால் ஆள் இருப்பதை யாராவது சொன்னால்தானே ஆட்சியருக்குத் தெரியும்? மும்பையிலும் பெங்களூரிலும் தமிழ்ச் சங்கங்களுக்குக் குறைவில்லை. விழா மேடைகளுக்கும் குறைவில்லை. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்குபவன் யாரை நம்பி வந்தான், கையில் சம்பளம் வாங்குகிறானா, விரும்பினால் ஊர் திரும்ப முடிகிறதா என்று விசாரிக்க ஒவ்வொரு சங்கத்திலும் இரண்டு பேர் இருந்தால் போதும்.

அந்த 120 பேரையும் மீட்டபோது அகஸ்டின் ஊரில் இல்லை. கண்டதை வாய்திறந்து சொன்ன ஒரு சாதாரண மனிதரால்தான் அது தொடங்கியது. அவருடைய பெயரைக்கூடக் கடிதம் சொல்லவில்லை.