ஆச்சிக்கு ஓடிபி வராது

போன மாதம் செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் திருநெல்வேலிப் பக்கம், பஸ் ஸ்டாண்ட் கூட இல்லாத ஒரு சின்ன ஊர். பையை இறக்கி வைப்பதற்குள் ஆச்சியிடமிருந்து புகார்.

"எய்யா, இந்த டிவி என்னமோ நம்பர் கேக்கு. உங்கப்பா ஆபீஸ்ல இருந்து வந்தாத்தான் படம் வருமாம். நீ படிச்சவன்தானே, தொறந்து குடு."

விஷயம் இதுதான். அப்பா புதிதாக ஸ்மார்ட் டிவி வாங்கியிருக்கிறார். ஃபைபர் நெட் கனெக்‌ஷனோடு நாலைந்து ஆப் சேர்ந்தே வருகிறது, அப்புறம் கேபிளுக்கு எதற்குத் தண்டம் என்று அதை வெட்டிவிட்டார். கணக்கு சரிதான். ஆனால் ஆச்சி பார்க்கும் சீரியல் இருக்கிற ஆப், என்ன காரணத்தாலோ திடீர் திடீரென்று ஆளை வெளியே தள்ளிவிட்டு மறுபடி லாகின் பண்ணச் சொல்லும். ஓடிபி அப்பாவின் செல்லுக்குப் போகும். அப்பா மீட்டிங்கில் இருப்பார். ஆச்சி ஹாலில் 43 இன்ச் திரையில் ஆறு கட்டங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் அப்பா ஆபீஸிலிருந்து போன் செய்து நம்பரைச் சொல்லப் பார்த்திருக்கிறார். ஆச்சி காதில் வாங்கவே இல்லையாம். "ஓடிபிய யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு டிவிலயே சொல்லுதானே, நீ என்ன போன்ல சொல்லுத?" என்று திட்டிவிட்டு வைத்துவிட்டாள். (சிரிக்காதீர்கள். அந்த வீட்டில் விளம்பரத்தை ஒழுங்காகக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.)

கேபிள் வந்த நாள் முதல் யார் தயவும் இல்லாமல் டிவி போட்டுப் பார்த்த மனுஷி, 74 வயதில் அதே டிவிக்கு மகனிடம் அனுமதி கேட்டு நிற்கிறாள். இதற்குத்தான் நாம் "பார்வையாளனின் சுதந்திரம்" என்று பெயர் வைத்துக் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

ஹாஸ்டலில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "டிவியெல்லாம் எப்பவோ செத்துப்போச்சு மச்சி. இன்னும் யார்றா சீரியல் பாக்குறா?" என்கிறான் ரூம்மேட். எனக்கு எரிச்சல் இந்த "யார்றா" மேல்தான். பார்ப்பது அவன் அம்மா. என் ஆச்சி. மெஸ்ஸில் எங்களுக்குச் சோறு போடும் அக்கா. இவர்களெல்லாம் "யாரும்" என்ற கணக்கிலேயே வரமாட்டார்கள் போலிருக்கிறது.

உடனே ஒரு புள்ளிவிவரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அமெரிக்காவில் 2025 மே மாதம், ஸ்ட்ரீமிங் பார்த்த நேரம், சாதாரண ஒளிபரப்பும் கேபிளும் சேர்ந்த நேரத்தை முதல்முறையாகத் தாண்டிவிட்டது என்று நீல்சன் அறிவித்தது. உண்மைதான். ஆனால் அந்த ஸ்ட்ரீமிங் கணக்கில் முதலிடம் யாருக்கு? யூடியூபுக்கு. காசு கட்டாமல், பாஸ்வேர்ட் இல்லாமல், போட்டவுடன் ஓடும் யூடியூபுக்கு! அதாவது, ஜெயித்தது எதுவோ அது பழைய டிவி மாதிரியேதான் இருக்கிறது. இதைச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "அந்தக் காலத்தில் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தோம், இப்போது ஆளுக்கொரு செல்போன்" என்று மூக்கைச் சிந்தும் கட்சியில் நான் இல்லை. குடும்பமாக உட்கார்ந்து பார்த்தது என்ன? அப்பா பார்த்ததைப் பார்த்தோம். கிரிக்கெட் ஓடினால் அம்மாவுக்கு அன்று டிவி கிடையாது. சேனல்கள் கட்சிக்கு ஒன்று, அதில் செய்தியும் கட்சிக்கு ஒன்று. சீரியலில் மூன்று மாதமாக ஒரே கல்யாணம் நின்றுகொண்டிருக்கும். இதற்கெல்லாம் நான் அழப்போவதில்லை. பிடித்ததைத் தனியாகப் பார்க்க முடிந்தது எனக்கும் விடுதலைதான்.

ஆனால் அந்தப் பழைய ஏற்பாட்டில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. டிவி யாரையும் "நீ யார்?" என்று கேட்காது. ஆன் செய்தால் ஓடும். ஆச்சி மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கூட்டித்தான் படிப்பாள். ஆனால் சேனல் நம்பர் அத்தனையும் மனப்பாடம். ரிமோட்டில் எழுத்தெல்லாம் அழிந்துபோய் வெறும் ரப்பர்தான் மிச்சம், விரல் தானாகப் போய் அமுக்கும். பகலில் அப்பா ஆபீஸில், நாங்கள் ஸ்கூலில், அம்மா அடுப்படியில். அந்த நேரம் ரிமோட் ஆச்சியுடையது. அந்த வீட்டில் அவள் யாரையும் கேட்காமல் செய்த ஒரே காரியம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் இது தற்செயலாக நடந்ததும் இல்லை. 1975ல் சென்னையில் தூர்தர்ஷன் வந்தபோது தெருவுக்கு ஒரு டிவி இருந்தால் அதிசயம். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க அடுத்த வீட்டுத் திண்ணையில் இடம் பிடித்த கதையை அப்பா இன்னும் சொல்வார். 1993 ஏப்ரல் 14ல் சன் டிவி வந்தது. 2006 தேர்தலில் தி.மு.க. இலவசக் கலர் டிவி என்று அறிவித்தபோது எவ்வளவு கிண்டல்! ஆனாலும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு டிவி போனது. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கலர் டிவி அதுதான். 2011ல் ஆட்சி மாறியது. அ.தி.மு.க. அரசு, அரசு கேபிள் இணைப்பை மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தது. இரண்டு கட்சிக்கும் ஓட்டுக் கணக்கு இருந்தது, இல்லை என்று யார் சொன்னார்கள்? ஆனாலும் ரேஷன் கார்டு இருக்கிற வீட்டில் டிவி ஓட வேண்டும் என்பதை இரண்டு பேருமே ஒப்புக்கொண்டார்கள். அந்த டிவி ஓட வீட்டில் யாரிடமும் செல்போன் இருக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த இடத்தில் என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள்.

2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் ஜியோ. டிசம்பரில் அமேசான் பிரைம் வீடியோ. விளம்பரம் கிடையாது, நேரம் காலம் கிடையாது, வேண்டியதற்கு மட்டும் காசு என்றார்கள். கேபிள்காரர் தலையில் கட்டிய வேண்டாத சேனல்களிலிருந்து விடுதலை என்று நாமும் நம்பினோம். 2023 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ், பாஸ்வேர்டை வேறு வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று இங்கேயும் கறாராகச் சொன்னது. 2025 ஜூன் 17 முதல் பிரைம் வீடியோவில் விளம்பரம். வேண்டாமென்றால் அதற்குத் தனிக் காசு! 2023ல் ஐ.பி.எல். ஜியோசினிமாவில் முழுக்க இலவசம். ஆசை காட்டிப் பழக்கிவிட்டு, 2025ல் ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் ஒன்றானதும் சந்தா கேட்டார்கள். 2023 மார்ச் 31ஓடு எச்.பி.ஓ. தொடர்கள் ஹாட்ஸ்டாரிலிருந்து எடுக்கப்பட்டன. வருஷ சந்தா கட்டியவன் பாதி சீசனில் நின்றான். ரீசார்ஜோடு பத்து ஆப் இலவசம் என்கிறார்களே, அது என்ன? கேபிள்காரர் கொடுத்த அதே பேக்கேஜ்தான், பெயர் மட்டும் வேறு.

ஆக விளம்பரம் திரும்பி வந்துவிட்டது. மொத்தமாகக் கட்டி விற்பதும் திரும்பி வந்துவிட்டது. பழைய டிவியில் நாம் திட்டிய ஒவ்வொன்றும் வரிசையாக வந்து சேர்ந்துவிட்டது. வராதது ஒன்றே ஒன்று, போட்டவுடன் ஓடும் அந்த எளிமை.

சரி, நாமாவது சுதந்திரமாக இருக்கிறோமா? நெட்ஃபிளிக்ஸின் ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017ல் எங்கள் போட்டி உங்கள் தூக்கத்தோடுதான் என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். ராத்திரி 2 மணிக்கு எங்கள் ஹாஸ்டல் வராண்டாவில் நடந்து பார்த்தால் ஜெயித்தது யார் என்று தெரியும். அடுத்த எபிசோடு தானாக ஓட, அதை நிறுத்தச் சோம்பல்பட்டுப் பார்க்கிறவனுக்கும், "வேற என்ன போட்டுருக்கான்" என்று சீரியல் பார்க்கிறவளுக்கும் என்ன வித்தியாசம்? அவளாவது 9 மணிக்கு எழுந்து போய்விடுவாள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ரூம்மேட் சொன்ன தீர்வு: "உங்க ஆச்சிக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் குடு, முடிஞ்சுது." வாங்கிக் கொடுத்துப் பார்த்தாயிற்று. விரல் ஒன்றைத் தொட்டால் வேறு ஒன்று திறக்கிறது. பயந்துபோய் அதை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். அதைவிட, எதற்கு அவள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கேள்வி. நம்பரை அமுக்கினால் சேனல் வரும் என்பது நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு விஷயம். ஸ்மார்ட் டிவி ரிமோட்டில் கம்பெனிகளின் பெயர் போட்ட பட்டனுக்கு இடம் இருக்கிறது, எங்கள் ரிமோட்டில் 1 முதல் 9 வரைக்கும் இடம் இல்லை! வீட்டில் இருக்கிற டிவியில் ஒருமுறை உள்ளே போனால் அப்படியே இருக்கட்டும், ஊருக்கெல்லாம் காற்றில் விடுகிற சேனலை லாகின் இல்லாமல் காட்டட்டும், "தொடர்க" "வெளியேறு" என்று தமிழில் எழுதிவைத்துவிட்டு அதைப் படிக்கத் தெரியாதவளுக்கு ஒரு நம்பரைக் கொடுக்கட்டும். ராக்கெட் விடச் சொல்லவில்லையே.

லீவு முடிவதற்கு முன்னால் கேபிள்காரரை நானே போய்ப் பார்த்தேன். பழைய பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்தார். "இந்தத் தெருவுல இப்ப 7 வீடுதான் தம்பி. எல்லாம் வயசானவங்க இருக்க வீடு" என்றபடி வயரைச் சொருகினார். ஆச்சி புது ரிமோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்பர்லாம் பழைய நம்பர்தானா, மாத்திட்டானா?" என்று கேட்டாள். இரண்டு மூன்று மாறியிருந்தது. சாயங்காலத்துக்குள் அதையும் மனப்பாடம் செய்துவிட்டாள்.

அப்பாவுக்குத்தான் கோபம். "ஒரே டிவிக்கு ரெண்டு பக்கம் காசு கட்டணுமால?" என்கிறார். என் மெஸ் பில்லில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.