ஹெட்போன் நேரம்: அம்மா கேட்ட 'வேல்'

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ். இயர்பட்ஸில் ஒன்று என் காதில், இன்னொன்று அம்மா காதில். பாடுவது சுஷீலா ராமன். ஆல்பம், 2011-ல் வந்த 'வேல்'.

"முருகன் பாட்டுக்கு எதுக்குடி இவ்ளோ கிட்டாரு?" ஆலப்பாக்கம் வருவதற்குள் அம்மா கேட்டுவிட்டார்.

நியாயமான கேள்விதான். சுஷீலா, லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த தமிழ்ப் பெண். வீட்டில் கர்னாடக சங்கீதம். டீன் ஏஜில் சிட்னி மேடைகளில் ப்ளூஸும் ஃபங்க்கும். 2007-ல் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பாட்டையெல்லாம் தன் பாணியில் பாடி ஓர் ஆல்பமே போட்டார். அதற்கு அடுத்ததுதான் 'வேல்'. சாம் மில்ஸின் கிட்டார் உறும, குரல் அடிவயிற்றிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் பழைய சோல் பாடகர்கள் இப்படித்தான் பாடினார்கள். சோல் இசையே கறுப்பின மக்களின் சர்ச் பாட்டிலிருந்து 1950-களில் கிளைத்ததுதான். அங்கேயும் ஆரம்பம் சாமிப் பாட்டு! (சில இடங்களில் தாளச் சத்தம் வார்த்தைகளை முழுங்கிவிடுகிறது. அது மட்டும் என் குறை.)

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் தெருக் காவடிக்கு அப்பாதான் பாடுவார். அவர் போனபிறகு வீட்டில் முருகன் பாட்டே போடுவதில்லை.

புதுச்சத்திரம் தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்: "உச்சரிப்பு நம்ம ஊர் மாதிரி இல்ல. ஆனா வேண்டிக்கிட்டுப் பாடுறா. உங்கப்பா மாதிரி."

சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட் வந்த பிறகும் இயர்பட்டைத் திருப்பித் தரவில்லை.