மாரியில் தார், கோடையில் புழுதி!

கார்த்திகை மாதம். வானம் கறுத்து நிற்கின்றது. வாய்க்கால் தூர்ந்து போனதால் வெள்ளம் ஒழுங்கை வழியே ஓடுகின்றது. அந்த வேளை பார்த்துத் தார்ப் பீப்பாய்களும் சல்லிக்கல்லும் ஊருக்குள் வந்து இறங்குகின்றன! ஈரக் கல்லின் மேல் தாரை ஊற்றி, மணலைத் தூவி, உருளையை இரு முறை ஓட்டி, "வீதி திருத்தியாயிற்று" என்று கணக்கு முடிக்கப்படுகின்றது. தை கழிந்து, நெல்மூடை ஏற்றிய உழவு இயந்திரங்கள் ஓடத் தொடங்கியதும் அந்தத் தார் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து விடுகின்றது. வடக்கிலும் கிழக்கிலும் வாழும் எவருக்கும் இக்காட்சி புதிதன்று.

இதற்கு ஒப்பந்தகாரரை ஏசுவோர் பலர். தலைவிதியை நொந்து கொள்வோர் சிலர். ஒப்பந்தகாரர் அனைவரும் உத்தமர் என்று நாம் வாதாட வரவில்லை. ஆயினும் நோயின் வேர் வேறிடத்தில் இருக்கின்றது. அது நாட்காட்டியில் இருக்கின்றது.

இலங்கை அரசின் நிதியாண்டு ஜனவரி முதலாந் திகதி தொடங்கி டிசெம்பர் 31ஆந் திகதி முடிகின்றது. மதிப்பீடு, அங்கீகாரம், கேள்விப்பத்திரம், ஒப்பந்தம் என்ற படிகளையெல்லாம் ஏறி இறங்கிப் பணம் வேலைத்தலத்தை அடையும்போது ஆண்டின் பெரும்பகுதி கழிந்து விடுகின்றது. ஆண்டு முடியுமுன் செலவழிக்காவிடின் பணம் திரும்பிப் போய்விடும் என்ற அச்சம் அப்பொழுது பிறக்கின்றது. எனவே கடைசி மூன்று மாதங்களில் ஓட்டமும் பாய்ச்சலுமாக வேலை நடைபெறுகின்றது. ஆனால் நமது மாகாணங்களில் ஆண்டு மழையின் பெரும்பகுதியை வடகீழ்ப் பருவக்காற்று கொண்டு வந்து கொட்டுவதும் அதே மாதங்களிற்றான். மாசி முதல் ஆவணி வரை வெயில் காய்ந்து கிடந்த வீதிக்கு ஐப்பசியில் தார் வருமாயின், அந்தப் பணம் வெள்ளத்தில் கரைக்கப்பட்ட பணமன்றோ?

இதனைச் சதி என்று நாம் கூறவில்லை. வானத்தைப் பார்க்காமல் கோவையை மட்டும் பார்க்கும் நிர்வாகம் என்றே கூறுகின்றோம். நட்டம் என்னவோ ஒன்றுதான்.

வீதி யாருடையது?

வீதி பழுதடைந்தால் யாரிடம் முறையிடுவது என்பதை அறியாதிருப்பது நமது முதற் குறை. கச்சேரிக்குப் போனால் பிரதேச சபையைக் காட்டுவர். பிரதேச சபைக்குப் போனால் கொழும்பைக் காட்டுவர். எனவே சட்டம் சொல்வதைத் தெளிவாக அறிந்து வைத்திருத்தல் வேண்டும்.

ஏ, பி என வகுக்கப்பட்ட பெருந்தெருக்கள் 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பெற்ற வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. கண்டி யாழ்ப்பாணம் ஏ-9 வீதி இவ்வகையினது. சி, டி வகை வீதிகள் மாகாணத்துக்குரியவை. தேசிய நெடுஞ்சாலைகள் தவிர்ந்த வீதிகளையும் பாலங்களையும் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் மாகாணப் பட்டியலிற் சேர்த்தது. ஊர் வீதிகளும் ஒழுங்கைகளும் உள்ளூராட்சி சபைகளுக்குரியவை. பொதுப் பாதைகளின் நிருவாகம் பிரதேச சபையின் தலையாய கடமைகளுள் ஒன்று என்று 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் விதிக்கின்றது. குளக்கட்டு வீதி நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பாகலாம். ஒரு கமக்காரன் தன் வயலிலிருந்து சந்தைக்குப் போகும் ஐந்து மைல் தூரத்தில் நான்கு எசமானர்களின் வீதிகளைக் கடக்க நேரிடுகின்றது!

இந்நால்வருள் ஒருவரிடம் கேள்வி கேட்கவே ஆளில்லாத நிலையை என்னென்பது? 2013ஆம் ஆண்டு தெரிவு செய்யப்பட்ட வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. கிழக்கு மாகாண சபை 2017லேயே கலைந்தது. 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றபோதும் மாகாணங்களுக்குத் தேர்தல் வரவில்லை. மக்கள் தெரிந்தனுப்பிய ஒருவரேனும் இல்லாமலே மாகாண வீதிகளுக்கான தீர்மானங்கள் எடுக்கப்பட்டு வந்தன. உழவு தொடங்குமுன் இன்ன வீதியைத் திருத்துக என்று ஆளுநர் அலுவலகத்தில் வாதாட எந்தக் கமக்காரனால் முடியும்? தேர்தலின்மையின் விலையை அரசியல்வாதி மாத்திரம் கொடுக்கவில்லை. அச்சு முறிந்த வண்டிக்காரனும் கொடுக்கின்றான்.

நீரே முதற் பகை

வீதியைக் கெடுப்பதில் முதலிடம் நீருக்கு. மேற்பரப்பு இருபுறமும் சரிந்து, ஓரத்து வடிகால் திறந்து, மதகு அடைபடாதிருந்தால் சாதாரணத் தாரும் பல்லாண்டு நிற்கும். நீர் தேங்கி அடித்தளம் ஊறினால் விலையுயர்ந்த காப்பெற் வீதியும் நில்லாது. ஆயினும் மதிப்பீட்டில் வெட்டு விழும்போது முதலில் வெட்டப்படுவது வடிகாலே! சென்ற ஒரு மாரியில் நாம் போயிருந்த கிராமமொன்றில், பழைய மேற்பரப்பைச் சுரண்டாமல் அடுக்கின் மேல் அடுக்காகப் போட்டதனால் வீதி வீட்டு முற்றங்களிலும் உயர்ந்து, வெள்ளம் அடுப்படிக்குள் புகுந்திருந்தது. வீதி வந்தது, வீடு மூழ்கிற்று.

அடுத்த பகை மிதமிஞ்சிய பாரம். அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை நடந்த பெரும் வீதிச் சோதனையிலிருந்து பொறியியலாளர் கண்ட கணக்கின்படி, அச்சின் பாரம் இருமடங்கானால் வீதிக்கு விளையும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகும். இரவோடிரவாக மணல் ஏற்றிச் செல்லும் ஒரு டிப்பர் ஊரார் வண்டிகள் அனைத்தும் ஆண்டெல்லாம் செய்யாத கேட்டை ஒரு பருவத்திற் செய்துவிடும்.

நம்மவரின் குற்றத்தையும் மறைப்பதற்கில்லை. வீதியோர வாய்க்காலை மண்ணிட்டு மூடி மதில் கட்டியவர் யார்? படலைக்கு முன்னே நீர் போகக் குழாய் வைக்காமல் சீமெந்து போட்டவர் யார்? கற்றவரும் இதைச் செய்கின்றனர், நியாயவாதிகளும் செய்கின்றனர். பிறரை நோக்கி விரல் நீட்டுமுன் நம் வேலியோரத்தைத் திருத்துவோம்.

கேளுங்கள், எழுத்திற் கேளுங்கள்!

வீதி எவருடைய அன்பளிப்புமன்று. 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம் 18 முதல் 55 வயது வரையுள்ள ஆடவரை ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைக்கவோ மூன்று சிலிங் கட்டவோ பணித்தது. அன்று உடலால் கொடுத்தோம். இன்று வரியாற் கொடுக்கின்றோம். நமது பணத்தில் போட்ட வீதிக்குத் தம் பெயரைப் பலகையில் எழுதி வைப்போரைக் கண்டு கைகூப்ப வேண்டியதில்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையிலுள்ள கருவி. ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டம் எதனையும், தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே மக்களுக்கு அறிவித்தல் பொறுப்பான அமைச்சரின் கடமை என்று அச்சட்டம் கூறுகின்றது. பிரசை எவரும், காரணம் கூறாமலே, தமிழிலேயே தகவல் கேட்கலாம். 14 வேலை நாட்களுள் முடிவு அறிவிக்கப்படல் வேண்டும். மறுத்தால் 14 நாட்களுள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அங்கும் நியாயம் கிடைக்காவிடின் இரு மாதங்களுள் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

எதைக் கேட்பது? வீதியின் நீளமும் அகலமும், ஒவ்வொரு அடுக்கின் கனமும், வடிகாலுக்கும் மதகுக்கும் ஒதுக்கிய தொகையும், தொடங்கும் நாளும் முடியும் நாளும் கேளுங்கள். வேலை முடிந்தபின் குறைகளைத் திருத்த ஒப்பந்தகாரர் கட்டுப்பட்ட காலம் எத்துணை, அதற்காகப் பிடித்து வைத்த பணம் எவ்வளவு, அது எப்பொழுது விடுவிக்கப்படும் என்பதையும் கேளுங்கள். இக்காலம் வழக்கமாக ஓராண்டு. அதற்குள் குழி விழுந்தால் முறைப்பாடு எழுத்திற் போகட்டும். பணம் விடுவித்த பின் அழுது பயனில்லை.

ஊர்தோறும் கமக்காரர் அமைப்பும் முன்னேற்றச் சங்கமும் தை மாதத்திலேயே கூடித் தத்தம் வீதிகளின் நிரலொன்றைத் தயாரிக்கட்டும். ஒவ்வொரு வீதிக்கும் அதன் எசமானர் யார் என்று எழுதுங்கள். பிரதேச சபை தன் பாதீட்டு வரைவை மக்கள் பார்வைக்கு வைக்கும்போது போய்ப் பாருங்கள். தார் வேலை ஆவணிக்குள் முடிய வேண்டும், வடிகால் முதலில் வெட்டப்பட வேண்டும் என்ற இரு கோரிக்கைகளையும் விடாது வற்புறுத்துங்கள். கற்றவர் மனு எழுதட்டும். கமக்காரர் அளவுகோலுடன் வீதியில் நிற்கட்டும்.

"உரிமைப் போராட்டம் கிடக்க, ஒழுங்கைப் போராட்டமா?" என்று நகைப்போரும் உளர். தன் ஒழுங்கையில் ஊற்றிய தாருக்குக் கணக்குக் கேட்க அஞ்சும் மக்கள், தம் மாகாணத்தை ஆளுவது எங்ஙனம்?