மலைமேல் கடைசி வருஷம்

போலகத்தில் நமது வீட்டுக்கு நாலு வீடு தள்ளிப் பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவர், மலைமேல் உள்ள சர்வதேசக் கிறிஸ்தவ விடுதிப் பள்ளி ஒன்றில் ஒன்பது வருஷங்களாகக் கணித உபாத்தியாயராக இருந்து வருகிறார். இம்மாதம் பள்ளி திறந்தது. அங்கு தமக்கு இதுவே கடைசி வருஷம் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அவர் மறுபடியும் மலையேறியிருக்கிறார். வருகிற ஜூனில் குடும்பத்தோடு இறங்கி வந்து, காரைக்காலிலேயே தங்கி, நமது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதென்பது அவருடைய தீர்மானம். அவரைப் போகும்படி யாரும் சொல்லவில்லை. இருக்கும்படியே கேட்டுக் கொண்டிருக்கிறார்கள்.

ஊரில் இந்தச் செய்தியைத் துக்கம் விசாரிப்பது போல் விசாரிக்கிறார்கள். காரணம் இல்லாமலில்லை. அவருக்கு அங்கே தக்க சம்பளம், குடியிருக்க வீடு, சாப்பாடு. எல்லாவற்றுக்கும் மேலாக, வருஷத்துக்குப் பல லட்சம் ரூபாய் கட்டித் தனவந்தர் பிள்ளைகள் படிக்கிற அதே வகுப்பில், உபாத்தியாயரின் மகள் என்ற உரிமையால் அவருடைய எட்டு வயதுப் பெண் காசில்லாமல் படிக்கிறாள். அவர் வேலையை விட்ட அன்றே அந்த உரிமையும் போகும். தம்முடைய தியாகத்துக்கு மகளுடைய படிப்பை விலையாகக் கொடுக்க ஒரு தகப்பனுக்கு என்ன அதிகாரம் என்று அவருடைய தகப்பனார் நம்மிடம் வந்து கேட்டார். மகனுக்குப் புத்தி சொல்லும்படி வேண்டிக் கொண்டார். நாமும் சொன்னோம். வக்கீல் தொழிலில் பழகிய நாவுக்கு நியாயங்கள் கிடைப்பது கஷ்டமா? இன்னும் பத்து வருஷம் இரும், பெண்ணைக் கரையேற்றும், பிறகு ஊருக்கு உழைக்கலாம் என்று ஒரு மணி நேரம் வாதாடினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்: "மாமா, பத்து வருஷம் கழித்து வந்தால் நான் ஓய்வுக்கு வருவேன், வேலைக்கு வரமாட்டேன்."

அன்று நாம் கொடுத்த யோசனை தவறு என்று இப்போது நமக்குத் தோன்றுகிறது. ஏன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

முதலில் அப்பள்ளிகள் எதற்காக ஏற்பட்டன என்பதைப் பார்க்க வேண்டும். மதுரைச் சீமையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிமார் சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் தப்ப 1845-ம் வருஷத்தில் கொடைக்கானலில் பங்களாக்கள் கட்டினார்கள். பிள்ளைகளுக்குப் படிக்கும் வயது வந்ததும் அவர்களைக் கடல் கடந்து அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு, வருஷக்கணக்காக முகம் பாராமல் இருப்பதே அக்குடும்பங்களின் விதியாக இருந்தது. அந்தப் பிரிவைத் தீர்க்கவே 1901-ல் ஏரிக்கரையில் ஹைகிளார்க் என்ற பெயரால் பள்ளி திறந்தார்கள். ஷெர்வுட் எடி என்ற பிரபல மிஷனரியின் தாயார் மார்கரெட் எடி அம்மையார் அதன் முதல் தலைவியாக இருந்தார். அதுவே இன்று கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. நீலகிரியில் 1899-ல் குன்னூரில் தொடங்கி இப்போது உதகையில் இருக்கும் ஹெப்ரான் பள்ளியும், வடக்கே 1854 முதல் முசூரியில் நடக்கும் உட்ஸ்டாக் பள்ளியும் இதே இனத்தைச் சேர்ந்தவை. தாயையும் பிள்ளையையும் கடல் பிரிக்காமல் இருக்கட்டும் என்ற ஆசையில் பிறந்த பள்ளிகளை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடைக்கானல் பள்ளி தமிழ் மலையில் நின்றது. தமிழ்க் கூலியாட்கள் சுமந்த கல்லாலும் மரத்தாலும் எழுந்தது. அப்படியிருந்தும் முதல் எழுபது வருஷம் அங்கே பெரும்பாலும் மிஷனரிமாரின் குழந்தைகளே படித்தார்கள். 1970-களில்தான் அது சர்வதேசப் பள்ளி என்று பெயர் மாற்றிக் கொண்டு வாசலை அகலத் திறந்தது. 1976-ல் இந்தியாவிலேயே முதல் முதலாகச் சர்வதேச டிப்ளோமாப் படிப்பை ஏற்படுத்தியதும் அதுவே.

நமது ஊருக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் தரங்கம்பாடியில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. 1706-ல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், மணலில் விரலால் எழுதிப் பழகும் சிறுவர்களோடு தாமும் உட்கார்ந்து தமிழ் எழுத்துக் கற்றார். 1719-ல் முப்பத்தாறு வயதில் அங்கேயே காலமாகி, தாம் கட்டிய கோவிலிலேயே அடக்கமானார். அவருக்குக் கடைசி வருஷம் என்று முன்கூட்டித் தெரிந்த வருஷம் கிடையாது. மலைப்பள்ளி உபாத்தியாயருக்கோ ஆரம்பத்திலேயே முடிவு தெரியும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்து போகிறார்கள். சட்டமும் அவர்களை அவ்வண்ணமே நினைக்கிறது. இந்தியாவும் அமெரிக்காவும் 1989-ல் செய்து கொண்ட வரி உடன்படிக்கையின் 22-வது ஷரத்தைப் புரட்டிப் பார்த்தால், ஒரு நாட்டிலிருந்து மற்ற நாட்டுக்குப் பாடம் சொல்ல வருகிற உபாத்தியாயரின் சம்பளத்துக்கு, வந்த நாள் முதல் இரண்டு வருஷம் வரை வந்த நாட்டில் வரி கிடையாது என்று இருக்கிறது. உபாத்தியாயர் என்பவர் விருந்தாளி, இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கமாட்டார் என்பது சட்டத்தின் அனுமானம் போலும்! இந்த வக்கீல் சமாசாரத்தை நேயர்கள் மன்னிக்க வேண்டும்.

இவ்வாறு வருவதும் போவதுமாக இருக்கும் இடத்தில், போகிறவரின் கடைசி வருஷம் எப்படி நடக்கிறது? நண்பர் சொன்ன விவரங்கள் நமக்குப் புதியவை. டிப்ளோமாப் படிப்பு இரண்டு வருஷத் தொடர். ஆகையால் போகத் தீர்மானித்தவருக்குப் பதினோராம் வகுப்பைக் கொடுக்க யோசிப்பார்கள்; சென்ற வருஷம் தொடங்கிய பன்னிரண்டாம் வகுப்பை அவர் முடித்துக் கொடுக்க வேண்டும். மே மாதத்தில் பரீட்சை. அதற்குள் ஒவ்வொரு மாணாக்கரும் தாமே ஒரு விஷயத்தைத் தேர்ந்து 4,000 சொல்லுக்குள் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். உபாத்தியாயர் வழி காட்டலாமே தவிர, எழுதிக் கொடுக்கலாகாது. இராக் காலத்தில் விடுதியில் பிள்ளைகளோடு அவரும் இருக்கிறார். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வீட்டுக் கவலை, எவன் கணக்குப் புரியாமல் புரிந்ததாகத் தலையாட்டுகிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரிகிறது. ஆனால் அவர் போகிறவர் என்ற செய்தி பரவியதும், யோசனைக் கூட்டங்களில் அவர் அபிப்பிராயத்தைக் கேட்பது குறைகிறது. அடுத்த வருஷத்து ஏற்பாடுகளை அவர் இல்லாமலே பேசுகிறார்கள். இருந்து கொண்டே இல்லாதவராகிவிடுகிறார். இதில் குற்றவாளி யாருமில்லை. எந்த ஸ்தாபனத்திலும் நடப்பதுதான்.

அந்த நிலைமையில் பலர் நாட்களை எண்ணிக் கொண்டிருப்பார்கள். இவர் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறார். ஒவ்வொரு பாடத்தையும் எந்தக் கேள்வியால் தொடங்கினார், எங்கே பிள்ளைகள் இடறினார்கள், பதினெட்டுப் பேர் வகுப்பில் நடந்தது நாற்பது பேர் வகுப்பில் நடக்குமா என்று எழுதி வருகிறார். விலை உயர்ந்த கருவி இல்லாமல் செய்யக் கூடியது எது, கூடாதது எது என்று இரண்டு பத்தியாகப் பிரித்திருக்கிறார். நாம் பார்த்த பக்கங்களில் முதல் பத்தியே நீளம். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதக் கண்ணாடிக் கூடம் வேண்டாம். தன் வீட்டுக் கிணறு எந்த வருஷத்திலிருந்து உவர்த்தது, பக்கத்துத் தெருக் கிணறு ஏன் உவர்க்கவில்லை என்று போலகத்துப் பையன் ஒருவன் பத்துக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து எழுதினால் அதுவும் அதே தரத்துக் கட்டுரைதான். கற்றுக் கொடுக்க ஆள்தான் வேண்டும்.

மிஷன் பள்ளியிலிருந்து இப்படி வித்தையை எடுத்துக் கொண்டு வெளியே வந்தவர் நம்மவரில் முன்னமே உண்டு. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே உபாத்தியாயராகி, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழாக்கத்தில் உதவி செய்து வந்தார். 1847-ம் வருஷக் கடைசியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். 1848-ல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதே வருஷத்தில் மிஷன் வேலையை விட்டார். பகலில் பேர்சிவலின் பள்ளி, மாலையில் தம்முடைய பிரசங்கம் என்று நடந்த அந்தக் கடைசிக் காலந்தான் நமக்கு முக்கியம். பாட புஸ்தகம் அச்சிடுவது, வகுப்புப் பிரித்து நடத்துவது, உபந்நியாசம் செய்வது ஆகிய முறைகளையெல்லாம் அவர் எதிர்த்த இடத்திலேயே கற்றார். கற்றதை மறைக்காமல் தம் பள்ளியில் உபயோகித்தார். பதினாறு வருஷம் கழித்து, 1864-ல், நமக்குச் சமீபத்தில் உள்ள சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை வைத்தார். நமது நண்பர் கத்தோலிக்கக் குடும்பத்தவர். மலைப்பள்ளியோடு அவருக்கு மத விவாதம் எதுவும் கிடையாது. ஆகையால் உவமையை அதற்குமேல் இழுக்கக் கூடாது.

யாழ்ப்பாணத்திலேயே எதிர்ப்பக்கத்து உதாரணமும் இருக்கிறது. அமெரிக்க மிஷன் 1823-ல் வட்டுக்கோட்டையில் வைத்த செமினரி, அக்காலத்தில் ஆசியாவில் அருமையாகக் கிடைத்த உயர்தரக் கல்வியைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விடுதியில் வைத்துக் கொடுத்தது. 1855-ல் மிஷன் மேலிடத்தார் வந்து பார்த்தார்கள். இங்கிலீஷ் படித்தவர்கள் ஊழியத்துக்கு வராமல் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்று கண்டு, செமினரியை மூடிவிட்டார்கள். சில வருஷத்துக்குள் சென்னைச் சர்வகலாசாலை தன் முதல் பி.ஏ. பரீட்சையை நடத்தியபோது தேறிய இருவரும், சி. வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும், வட்டுக்கோட்டை மாணாக்கர்களே. தாமோதரம் பிள்ளை பிற்காலத்தில் தொல்காப்பிய உரைகளையும் 1887-ல் கலித்தொகையையும் அச்சேற்றினார். மூடின பள்ளியின் பலன் மூடியவர்கள் எதிர்பாராத திசையில் வந்தது. செலவு செய்தவர் கணக்குப் பார்ப்பது நியாயமே. ஆனால் படிப்பின் பலனை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது என்று 1855-ல் அவர்களுக்கும் தெரியவில்லை. மகளுடைய பள்ளிச் சம்பளத்தை மட்டும் கூட்டிக் காட்டி வாதாடிய நமக்கும் தெரியவில்லை.

நாம் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் ஜூன் மாதம் கதவைத் திறந்தால், வழியில் உள்ள வாய்க்கால்களெல்லாம் குடித்து மீந்த தண்ணீர்தான் நமக்கு வரும். படிப்பிலும் அப்படியே. படித்த காரைக்கால்காரர் ஒரு காலத்தில் பிரெஞ்சு உத்தியோகம் பார்க்கச் சைகோனுக்குக் கப்பல் ஏறினார். பிறகு பாரீசுக்கு விமானம் ஏறினார். இப்போது மலை ஏறுகிறார், வளைகுடா போகிறார். அனுப்பி வைத்த ஊர் மணியார்டரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. போனவர் திரும்ப வேண்டும் என்று நாம் கேட்டதே இல்லை. திரும்புகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவருக்குப் புத்தி சொல்லத் தகப்பனாரும் வக்கீலும் சேர்ந்து போகிறோம்.

அவர் வந்தால் எங்கே உட்காருவார் என்ற கேள்விதான் உண்மையான தடை. சர்க்கார் பள்ளியில் சேர வேண்டுமானால் தகுதிப் பரீட்சை, வயது வரம்பு, வரிசை என்று ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பூட்டு. திறவுகோல் நூற்றுமுப்பது கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியில் இருக்கிறது. ஒன்பது வருஷம் நேரில் நடத்திய அநுபவத்துக்கு அந்தப் படிவங்களில் எழுதக் கட்டமே கிடையாது. 2023 முதல் நமது அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளும் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. தமிழ்நாட்டுப் புஸ்தகத்தில் பழகிய உபாத்தியாயர்கள் புதுப் புஸ்தகத்தைக் கையில் வைத்துக் கொண்டு திண்டாடியதை நாம் கண்ணால் பார்த்தோம். மனப்பாடத்தை விட்டுக் கேள்வி கேட்டுப் படிப்பிக்கும் முறையில் பழகிய ஒருவரை, நிரந்தர உத்தியோகம் கொடுக்காவிட்டாலும், மாதத்தில் நாலு நாள் அழைத்து உபாத்தியாயர்களோடு உட்கார வைக்கக் கல்வி இலாகாவுக்கு என்ன ஆட்சேபணை? இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும்.

இலாகா அசையும் வரை ஊர் சும்மா இருக்க வேண்டியதில்லை. நமது அச்சுக்கூடத்தின் பின்கட்டில் காகிதம் அடுக்கும் நீண்ட அறை ஒன்று இருக்கிறது. மழைக்கு ஒழுகாது, முப்பது பிள்ளைகள் தாராளமாக உட்காரலாம். வருகிற ஜூன் முதல் தேதியிலிருந்து மாலை ஐந்து மணிக்கு மேல் அதை அவருக்குக் கொடுக்கிறோம். வாடகை இல்லை, மின்சாரக் கட்டணமும் நம்முடையது. பட்டினத்து வர்த்தகர் ஒருவர் பெஞ்சுகள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய பெண் நமது ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து அதே பெஞ்சில் உட்காருவாள். அவள் இழப்பது என்ன, பெறுவது என்ன என்பது பல வருஷம் கழித்தே தெரியும். அந்தப் பயம் தகப்பனுக்கு இருக்கிறது என்பதை நாம் மறைக்கவில்லை, அவரும் மறைக்கவில்லை.

சென்ற சனிக்கிழமை அவரிடமிருந்து கடிதம் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் பதினேழு பேர் சேர்ந்திருக்கிறார்களாம். மலையில் மழை விடாமல் பெய்கிறதாம். கரும்பலகை எத்தனை அடி நீளம் என்று கேட்டிருக்கிறார். இன்னும் வாங்கவில்லை, அளந்து எழுதுகிறோம்.