பதிவேட்டைத் திறவுங்கள், விண்ணப்பத்தை நிரப்புங்கள்!



நம் கல்லூரிகளின் சூழல் மன்றங்களும் பள்ளிகளின் தேசியப் பசுமைப் படையும் செய்கிற வேலையில் பெரும்பகுதிக்கு எங்கும் பதிவில்லை. ஏரிக்கரையில் குப்பை அள்ளினோம். எத்தனை கிலோ? தெரியாது. கன்று நட்டோம். இன்றைக்கு எத்தனை உயிரோடு நிற்கின்றன? தெரியாது. விடுதி உணவுக்கூடத்தில் நெகிழிக் குவளையை ஒழித்தோம். அதற்கு முன் நாளொன்றுக்கு எத்தனை குவளை வீசப்பட்டது? அதைச் சொல்லக்கூடிய மூன்றாமாண்டுத் தோழர்கள் தேர்வு முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவார்கள். அடுத்த அணி வெறுங்கையோடு முதலிலிருந்து தொடங்கும்.

இதை இந்த ஆண்டே நிறுத்தியாக வேண்டும். ஒவ்வொரு மன்றமும் ஒரு மானியத்துக்கோ விருதுக்கோ கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும். இதுதான் அழைப்பு.

பணம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? தமிழ்நாடு அரசின் பசுமை முதன்மையாளர் விருது தனிநபர்கள், கல்வி நிறுவனங்கள், குடியிருப்போர் சங்கங்கள், உள்ளாட்சிகள், தொழிற்சாலைகள் என்று 100 பேருக்குத் தலா 1 லட்சம் ரூபாய் தருகிறது. நெகிழியைத் தன் வளாகத்திலிருந்து விரட்டிய பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் மஞ்சப்பை விருது இருக்கிறது. முதல் பரிசு 10 லட்சம், அடுத்தது 5, அதற்கடுத்தது 3. டெல்லியிலிருக்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் பசுமைப் பள்ளிகள் திட்டம், காற்று, ஆற்றல், உணவு, நிலம், நீர், கழிவு என்ற ஆறு தலைப்பில் மாணவர்களையே தணிக்கை செய்யச் சொல்லி, அதை வைத்துப் பள்ளிகளைப் பாராட்டுகிறது. இவை நமக்காகவே வைக்கப்பட்ட கதவுகள். தட்டாதவருக்குத் திறக்காது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

இருபது இருபது ரூபாயாக வசூலித்துச் செய்கிறோமே, போதாதா என்று ஒரு தோழர் கேட்டார். போதாது. கன்று வனத்துறை நாற்றங்காலில் சொற்ப விலைக்குக் கிடைத்துவிடும். உண்மையான செலவு அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆடு கடிக்காமலிருக்கக் கூண்டு, சித்திரை வெயிலில் தண்ணீர் வண்டி, கல்லூரி பூட்டிக் கிடக்கும் கோடை விடுமுறையில் ஊற்றுவதற்கு ஒரு ஆள். நாம் நட்டவை சாவது இந்த விடுமுறையில்தான். ஒரு லட்சம் ரூபாய் இருந்தால் ஒரு வளாகத்தின் கன்றுகள் சில கோடைகளைத் தாண்டிவிடும்.

ஆனாலும் தோழர்களே, பணத்தைவிடப் பெரிய லாபம் விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கிறது. என்ன செய்தீர்கள், எவ்வளவு, ஆதாரம் என்ன என்று அது விடாமல் கேட்கும். பதில் சொல்ல வேண்டுமென்றால் தராசு வாங்க வேண்டும். ஒரு வாரக் குப்பையை வகை பிரித்து எடை போட்டு எழுத வேண்டும். மோட்டார் ஓடும் நேரத்தைக் குறிக்க வேண்டும். ஒழுகும் குழாய்களை எண்ண வேண்டும். வினாடிக்கு ஒரு சொட்டு விடும் குழாய் நாளொன்றுக்கு 20 லிட்டருக்கு மேல் வீணாக்குகிறது. அப்படிப் பத்துக் குழாய் நம் வளாகத்தில் இருக்கிறதென்று எழுத்தில் கொடுத்துப் பாருங்கள். மூன்று ஆண்டு முழக்கத்துக்கு அசையாத நிர்வாகம் பிளம்பரைக் கூப்பிடும். விருது கிடைக்காமல் போகலாம். அந்தக் கோப்பு நம் கையில் இருக்கும். அடுத்த அணி அதிலிருந்து தொடங்கும்.

சென்னைக் கடற்கரையைப் பாருங்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு 1988 முதல் பங்குனி ஆமைகளின் முட்டைகளைத் தேடி இரவு இரவாக மணலில் நடக்கிறது. கண்ட கூட்டையும் இறந்த ஆமையையும் பருவந்தோறும் எழுதி வைக்கிறது. 2025 ஜனவரியில் இறந்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் கரையொதுங்கியபோது, இது வழக்கத்துக்கு மீறிய சாவு என்று உறுதியாகச் சொல்ல அப்படிப்பட்ட பழைய கணக்குதான் வேண்டியிருந்தது. மாணவர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் பதிவு நின்றுவிடவில்லை.

திருவண்ணாமலையில் பள்ளி மாணவியாக இருந்த வினிஷா உமாசங்கரை நினைத்துப் பாருங்கள். இஸ்திரி வண்டியின் கரி அடுப்புக்கு மாற்றாகச் சூரிய ஒளியில் இயங்கும் வண்டியை வடிவமைத்தார். 2020இல் ஸ்வீடனின் குழந்தைகள் காலநிலைப் பரிசு அவரைத் தேடி வந்தது. மறு ஆண்டு எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்கு வந்தார். கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார். யோசனை நோட்டுப் புத்தகத்திலேயே இருந்திருந்தால் அந்த மேடை கிடைத்திருக்குமா?

விருது நம்மை மழுங்கடித்துவிடும் என்று அஞ்சுகிற தோழர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சத்தை மதிக்கிறேன். ஆகவே கறாராக இருப்போம். நாம் எந்த ஆற்றுக்காகப் போராடுகிறோமோ அதில் கழிவு கொட்டுகிற நிறுவனத்தின் காசை ஒரு ரூபாய்கூடத் தொடக் கூடாது. விருதின் தலைப்புக்கு ஏற்ப வேலையை வளைக்கவும் கூடாது. ஏற்கெனவே செய்கிற வேலைக்குப் பொருந்தும் விருதைத் தேடுங்கள். செய்யாததைச் செய்ததாக ஒரு வரிகூட எழுதாதீர்கள். இவ்வளவும் காத்துக்கொண்டு விண்ணப்பிப்பதில் எந்த இழுக்கும் இல்லை.

அரசுக் கல்லூரி, அரசுப் பள்ளித் தோழர்களே, உங்களிடம்தான் குரலை உயர்த்திச் சொல்கிறேன். வழவழப்பான ஆல்பம் போட ஆளும் காசும் உள்ள நிறுவனங்கள் தவறாமல் விண்ணப்பிக்கின்றன. சேற்றில் இறங்கிய நீங்கள், ஆங்கிலம் வராது, நமக்கெல்லாம் கொடுப்பார்களா என்று ஒதுங்கிவிடுகிறீர்கள். ஒதுங்காதீர்கள்! தமிழில் எழுதத் தொடங்குங்கள். ஆங்கிலம் வேண்டியிருந்தால் ஆங்கிலத் துறைத் தோழர்களைப் பிடித்து உட்கார வைப்போம்.

வேலைக்கு வருவோம். பணம் வந்தால் அது நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். மன்றத்துக்கென்று தனிப் பேரேடு வைத்து ஒவ்வொரு ரசீதையும் ஒட்டுங்கள். பயன்பாட்டுச் சான்றிதழ் ஒழுங்காகக் கொடுத்தவருக்கே அடுத்த தவணையும் அடுத்த மானியமும் கிடைக்கும். முதல்வர் அல்லது தலைமையாசிரியர் கையெழுத்தில்லாமல் எதுவும் நகராது. அவர் விடுப்பில் இருக்கும் வாரத்தில் கடைசி நாள் வந்து தொலைக்கும், ஆகவே முன்கூட்டியே போங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு மன்றமும் கூடட்டும். கைப்பேசிகளில் சிதறிக் கிடக்கும் படங்களைத் தேதி வாரியாக ஒரே இடத்தில் சேர்க்க இருவர். நட்ட கன்றுகளை நடந்து போய் எண்ண நால்வர். விருது அறிவிப்புகளையும் கடைசித் தேதிகளையும் தேடி எழுத ஒருவர். கணக்குக்கு ஒருவர், அவர் கட்டாயம் முதலாமாண்டு மாணவராக இருக்கட்டும். சனி, ஞாயிறு எழுதுவோம். முதல் வரைவைத் திங்கட்கிழமை காலை முதல்வர் மேசையில் வைப்போம்.