வீட்டுக்கு எந்தக் காமிரா?

விடுமுறை நெருங்குகிறது. ஊருக்குச் செல்லும் இரயிலில் இடம் கிடைக்குமா என்ற கவலையோடு, நம் மாணவர் சிலருக்கு மற்றொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. "வீட்டாரைப் படம் எடுக்க ஒரு சிறிய டிஜிட்டல் காமிரா வேண்டும், எதை வாங்கலாம்?" என்பதே அது. விடுதியில் இதுபற்றி வாதம் நடக்கிறது. ஒருவர் மெகாபிக்சல் கணக்குச் சொல்கிறார். மற்றொருவர் ஜூமின் பெருமை பேசுகிறார். மூன்றாமவர், "கைப்பேசி இருக்கக் காமிரா எதற்கு?" என்று கேட்டு இருவர் வாயையும் அடைக்கிறார்.

நண்பர்களே, மூவர்க்கும் விடை கூறுமுன் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. யாரைப் படம் எடுக்கப் போகிறோம்? எங்கே? எந்த நேரத்தில்?

நாம் எடுக்கப் போவது இமயத்தின் சிகரத்தை அன்று, தாஜ்மகாலையும் அன்று. மாலையில் அடுப்படியில் நிற்கும் அம்மாவை. குழல் விளக்கின் கீழ்ச் செய்தித்தாள் படிக்கும் அப்பாவை. ஓர் இடத்தில் நில்லாத அக்காள் குழந்தையை. காமிராவைக் கண்டதும் சிரிப்பை மறைத்துக்கொள்ளும் பாட்டியை. அங்கே ஒளி குறைவு. ஆட்கள் அசைவர். சிரிப்பு ஒரு நொடிக்குமேல் நில்லாது. ஆதலின் நமக்கு வேண்டியவை மூன்று: குறைந்த ஒளியிலும் காணும் கண், விரைவு, எளிமை. பிற யாவும் இவற்றுக்குப் பின்னரே.

முதலில் எண் மயக்கத்தைத் தெளிவோம். 1975-இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர் உருவாக்கிய முதல் டிஜிட்டல் காமிரா பதிவு செய்தவை 10,000 புள்ளிகளே. ஒரு படத்தை நாடாவில் பதிய 23 நொடிகள் ஆயின. அந்நாளில் புள்ளிகளின் எண்ணிக்கை பெரிய செய்திதான். இன்றோ? வீட்டு ஆல்பத்தில் ஒட்டும் 4-க்கு 6 அங்குலப் படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட, ஏறத்தாழ 22 இலட்சம் புள்ளிகள் போதும்; அஃதாவது 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். சுவரில் மாட்டும் 8-க்கு 12 அங்குலப் படத்துக்கும் 9 மெகாபிக்சல் போதும். 12 மெகாபிக்சலை 48 ஆக்கினாலும் படத்தின் நீளமும் அகலமும் இரு மடங்காகுமே தவிர, நான்கு மடங்காகா. பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடப்பட்ட எண்ணுக்கு நாம் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

பெட்டியின்மேல் பெரிதாக எழுதப்படாத ஒன்றே நாம் பார்க்க வேண்டியது: சென்சார் எனப்படும் ஒளியுணர் தகட்டின் அளவு. மழைநீர் பிடிக்க வாய் குறுகிய செம்பை வைப்பதும் அண்டாவை வைப்பதும் ஒன்றாகுமா? மலிவான சிறு காமிராக்கள் பலவற்றில் உள்ள 1/2.3 அங்குல வகைத் தகட்டின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மில்லிமீட்டர். "ஒரு அங்குல" வகைத் தகட்டின் பரப்பு 116. நான்கு மடங்கு! (பெயர்தான் ஒரு அங்குலம், உண்மை அளவு 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர். பழைய தொலைக்காட்சிக் காமிராக் குழாய்களின் வழக்கில் வந்த பெயர் இது.)

அடுத்தது லென்சின் துளை. எஃப் 1.8 என்று குறித்த லென்ஸ், எஃப் 3.5 லென்சைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். எண் சிறிதானால் துளை பெரிது. இவ்விரண்டும் நன்கு அமைந்தால் ஃப்ளாஷ் விளக்கின் தேவை குறையும். முகத்தில் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுக்க வைக்கும் அவ்விளக்கை வீட்டுக்குள் எவ்வளவு தவிர்க்கிறோமோ அவ்வளவு நல்லது. ஜூமோ, நமக்கு மூன்று மடங்கே மிகுதி. அடுப்படியில் அம்மா நிற்கும் தூரத்துக்கு முப்பது மடங்கு ஜூம் எதற்கு? இரண்டடி முன்னே நடந்தால் போகிறது!

இனிக் கைப்பேசி நண்பருக்கு வருவோம். அவர் கூற்றில் உண்மை பெரிது. 2010-இல் உலகெங்கும் 12 கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் 2023-இல் 80 இலட்சத்துக்கும் கீழே இறங்கின. மக்கள் காரணமின்றியா கைவிட்டனர்? இன்றைய நல்ல கைப்பேசி பல படங்களை நொடிப்பொழுதில் எடுத்து ஒன்றாக்கி இருளிலும் தெளிவு காட்டுகிறது. ஆகவே, சிறு தகடு கொண்ட மலிவுக் காமிராவைப் புதிதாக வாங்குவது வீண் செலவு என்பேன். "பழைய காமிராவின் நிறமே தனி" என்று இருபதாண்டுக்கு முந்திய காமிராக்களைத் தேடி அலையும் புதுமோகத்துக்கும் இதே விடைதான். அவற்றுட் சிலவற்றுக்கு வேண்டிய எக்ஸ்-டி கார்டும் பழைய மெமரி ஸ்டிக்கும் இன்று கடையில் எளிதில் கிடையா.

அப்படியானால் காமிராவே வேண்டாமா? வேண்டும், ஆனால் வேறொரு காரணத்துக்காக வேண்டும். கைப்பேசி ஒருவருடைய உடைமை. அதைப் பிறர் தொடத் தயங்குவர். அதிலுள்ள படங்களும் அவரோடு ஊரைவிட்டுப் போய்விடும். காமிராவோ வீட்டின் பொதுப்பொருள். அலமாரியின்மேல் கிடந்தால் தங்கையும் எடுப்பாள், தாத்தாவும் எடுப்பார். நம் வீட்டுப் படங்களைப் புரட்டிப் பாருங்கள்! எல்லார்க்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ணும் அம்மா எத்தனை படங்களில் இருக்கிறார்? காமிரா பல கைகளுக்கு மாறினால்தான் அவரும் படத்துக்குள் வருவார்.

ஆதலின் என் கருத்து இதுவே: வாங்கிய காமிராவை விடுதிக்குத் திரும்பக் கொண்டுவராதீர்கள், வீட்டிலேயே விட்டு வாருங்கள். ஆண்டுக்கு இருமுறை, சில வாரங்கள் மட்டுமே வீட்டில் இருப்பவர்கள் நாம். எஞ்சிய நாட்களில்தான் வீட்டின் வாழ்க்கை பெரும்பாலும் நடக்கிறது.

இம்முடிவுக்கு வந்தால் தேர்வு எளிதாகிவிடும். 2012-இல் வந்த சோனி ஆர்.எக்ஸ்.100, ஒரு அங்குல வகைத் தகடும் எஃப் 1.8 லென்சும் கொண்டது. எடை 240 கிராம்தான். இவ்வகையில் பின்னர்க் கேனான் ஜி7 எக்ஸ் போன்றவையும் வந்தன. புதியவை மாணவர் பைக்கு எட்டா. நன்கு பேணப்பட்ட பழையது ஒன்றை நான்கு பேர் சொல்லும் கடையில் வாங்கலாம். வாங்குமுன் லென்ஸ் தடையின்றி நீண்டு சுருங்குகிறதா, மின்கலம் தாங்குகிறதா, சாதாரண எஸ்.டி. கார்டு பொருந்துகிறதா என்று பாருங்கள். தானியங்கு முறையில் வைத்துத் தந்தால் பாட்டியாலும் எடுக்க முடிகிறதா என்பதே இறுதித் தேர்வு. நாள், மணி இரண்டையும் முதலிலேயே சரியாக வையுங்கள். "இது எந்தப் பொங்கல்?" என்று பிற்காலத்தில் எவரும் திகைக்க வேண்டா.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டு வீடுகளில் ஒருகாலத்தில் வழங்கிய ஆக்ஃபா கிளிக் 3 காமிராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். 1960-இல் நிறுவப்பட்டு இன்று மூடப்பட்டுவிட்ட உதகை ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் கறுப்பு வெள்ளைப் பிலிமில் பதிந்த முகங்கள் எத்தனையோ வீடுகளில் இன்றும் உள்ளன. ஏன்? அவை தாளில் அச்சாயின, பெட்டியில் பத்திரமாயின. நாமோ ஆயிரக்கணக்கில் எடுத்து, வாட்ஸப்பில் அனுப்பித் தெளிவைக் குறைத்து, கைப்பேசி பழுதானதும் அனைத்தையும் இழக்கிறோம். ஒவ்வொரு விடுமுறையிலும் பன்னிரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்து அச்சிடுங்கள். மற்றவற்றை இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள்.

காமிராவை மாற்றலாம், கார்டை மாற்றலாம். பாட்டியின் இவ்வாண்டுச் சிரிப்பை அடுத்த ஆண்டு எந்தக் கடையில் வாங்குவது? எது சிறந்தது என்று வாதித்தே விடுமுறையைக் கழித்துவிடாதீர்கள். ஒன்றை வாங்குங்கள், வீட்டில் வையுங்கள், அம்மாவின் கையிலும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்!