கட்டையும் கண்ணியும்

கல்வி என்றவுடன் ஏடும் எழுதுகோலுமே நம் நினைவுக்கு வருகின்றன. கண்ணும் செவியும் கற்கும் என்று ஒப்பும் நாம், கையும் கற்கும் என்பதை எளிதில் ஒப்புவதில்லை. அதனாலேயே, தேர்வு நெருங்குங்கால் பள்ளிகளில் முதலில் பறிபோவது கைத்தொழிற் பாடவேளையாக இருக்கின்றது. இது தகாது என்பது என் கருத்து. அதனை நிறுவுதற்குப் பெரிய தொழில் எதனையும் நாட வேண்டுவதில்லை. சிறுவரும் செய்யத்தக்க கட்டைப் பின்னல் ஒன்றே போதும்.

மேலை நாடுகளில் தையல்நூல் சுற்றிவந்த மரக்கட்டைகளை, நூல் தீர்ந்தபின் சிறுவர் சிறுமியர் பின்னற் கருவியாக்கிக் கொண்டனர். அமெரிக்காவில் மேரி மெக்கார்மாக் என்னும் அம்மையார் இப்பின்னலைப் பற்றியே 1909-இல் ஒரு தனி நூல் வெளியிட்டார். நடுவே துளையுள்ள கட்டையின் தலையில், துளையைச் சுற்றி நான்கு சிற்றாணிகள் அடித்தால் கருவி ஆயிற்று. மரக்கட்டை இன்று அரிது. தடித்த அட்டைக் குழாயின் வெளிப்புறத்தில் நான்கு குச்சிகளை, விளிம்புக்கு மேல் சற்றே நீளுமாறு இறுகக் கட்டினாலும் போதும்.

பின்னும் முறையும் எளிதே. நூலின் முனையைத் துளை வழியே கீழே தொங்கவிட்டு, ஒவ்வோர் ஆணியிலும் ஒரு சுற்றுச் சுற்றுக. இச்சுற்றே கண்ணி எனப்படும். பின்னர் நூலை ஆணிகளின் வெளிப்புறமாக, கண்ணிகளுக்கு மேலே கொண்டு வருக. மழுங்கிய ஊசியால் கீழுள்ள கண்ணியைத் தூக்கி, மேல்நூலையும் ஆணியின் தலையையும் தாண்டி உட்புறம் தள்ளுக. இவ்வாறே நான்கு ஆணிகளையும் சுற்றி வருக. தொங்கும் முனையை அவ்வப்போது மெல்ல இழுத்தால், துளையின் அடியில் உருண்ட கயிறொன்று வளர்ந்து வரும். முடிவில் நூலை வெட்டி, அதன் முனையை நான்கு கண்ணிகளுள்ளும் கோத்துக் கழற்றி இறுக்குதல் வேண்டும்.

இக்கயிறு சாவிக்கொத்துக்கும் சுருக்குப் பைக்கும் உதவும். சுருளாக வளைத்து, ஓரத்தோடு ஓரம் தைத்தால் பாத்திரத்தின் அடியில் இடும் விரிப்பாகும்; நம் வீட்டுப் புரிமணைக்கு அதனைத் தங்கை எனலாம். சூடான பாத்திரம் வைப்பதற்குப் பருத்தி நூலே ஏற்றது. செயற்கை இழை வெப்பத்தால் உருகிவிடும்.

விரிப்பைத் தைக்கும்போதுதான் கை ஆசிரியனாகின்றது. கயிறு 1 சென்டிமீட்டர் அகலமுடையதாயின், ஒவ்வொரு சுற்றும் முன்னைய சுற்றைவிட 6 சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதியாக நீளவேண்டும். அந்நீளம் தராமல் இழுத்துத் தைத்தால் விரிப்புக் கிண்ணம்போற் குவியும். மிகுதியாகத் தளர்த்தினால் ஓரம் அலைபோல் நெளியும். 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள விரிப்புக்கு ஏறக்குறைய 113 சென்டிமீட்டர் கயிறு வேண்டும். வட்டத்தின் சுற்றளவையும் பரப்பையும் வாய்பாடாக மனப்பாடம் செய்தவன் மறந்தாலும், குவிந்த விரிப்பைப் பிரித்து மீண்டும் தைத்தவன் மறவான். ஒரு கண்ணி தவறினால் கயிறே அதனைக் காட்டிவிடும். ஆசிரியரின் சிவப்பு மை வேண்டுவதில்லை. தேர்வுத் தாளில் இழந்த மதிப்பெண் மீள்வதில்லை; பின்னலிலோ, பிழைபட்ட இடம்வரை பிரித்தால் நூல் முழுதும் மீண்டும் கைக்கு வரும்.

"இவையெல்லாம் கடையில் மலிவாகக் கிடைக்கின்றனவே!" என்பர் சிலர். உண்மைதான், கட்டைப் பின்னலால் எவரும் செல்வம் ஈட்டப்போவதில்லை. எனினும், கடைப்பொருள் எவ்வாறு உருவாகின்றது என்னும் அறிவு கடையில் கிடைப்பதன்று. தறித்துணியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும். பின்னலில் கண்ணிக்குள் கண்ணி புகும். அதனாலேயே பின்னலாடை இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும். திருப்பூரில் பனியன் துணியைக் குழாய் வடிவில் தரும் வட்டப் பின்னல் பொறியிலும், வட்டமாய் நிற்கும் ஊசிகள் கண்ணிக்குள் கண்ணியையே இழுக்கின்றன. நான்கு ஆணிகளின் இயல்பை உணர்ந்த மாணவனுக்கு அப்பெரும் பொறியின் உள்ளம் விளங்கிவிடும்.

"பின்னல் பெண்களுக்குரிய வேலையன்றோ?" என்று நகைக்கும் மாணவரும் உண்டு. 1589-இல் இங்கிலாந்தில் காலுறை பின்னும் பொறியைக் கண்டவர் வில்லியம் லீ என்னும் ஆடவரே. திருப்பூர் ஆலைகளிலும் ஆண், பெண் இருபாலாரும் உழைக்கின்றனர். தொழிலுக்கு ஆண்பால் பெண்பால் வகுத்தவர் நாமே. தொழில் அதனை வகுக்கவில்லை.

1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை நடுவாகக் கொண்டு கல்வி அமைதல் வேண்டும் என்று காந்தியடிகள் வற்புறுத்தினார். அத்துணைப் பெருமாற்றத்தை நான் இங்குக் கேட்கவில்லை. வாரத்தில் கைத்தொழிலுக்கென ஒதுக்கிய வேளையை எவரும் கவராதிருக்கவே வேண்டுகின்றேன். இழையையும் ஏட்டையும் நூல் என்னும் ஒரே சொல்லால் வழங்கும் மொழி நம்முடையது. மாணவர்களே! ஒரு நூலைக் கண் கற்கட்டும். மற்றொரு நூலைக் கை கற்கட்டும். இரண்டும் கற்றவரே கற்றவராவர்.